தொகுதி மட்டும் ஃபார்வேர்டு ஆகுது

2024 மே மாத முதல் வாரம். மறுநாள் இன்டர்னல் எக்ஸாம். ராத்திரி பத்தரை மணிக்கு அம்மாவிடமிருந்து போன். வழக்கமாக "சாப்பிட்டியா"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. அன்னைக்கு எடுத்ததுமே, "உனக்கு எந்த ஊசிடா போட்டாங்க? கோவிஷீல்டா?" என்றார்.

விஷயம் என்னன்னு உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். 'கோவிஷீல்டு போட்டவங்களுக்கு ரத்தம் உறையும், கம்பெனியே கோர்ட்டில் ஒத்துக்கிச்சு' என்ற செய்தி அந்த வாரம் எல்லாக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை மெஸ்ஸிலும் இதே பேச்சு. ஒருத்தன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே தன் மார்பைத் தடவிப் பார்த்தான்.

எங்கள் மேசையில் யாருக்கும் உடனே ஞாபகம் வராத ஒன்று: நாங்கள் பெரும்பாலும் போட்டது கோவிஷீல்டே இல்லை. 15 முதல் 18 வயதுக்காரர்களுக்கு 2022 ஜனவரி 3-ம் தேதிதான் ஊசி தொடங்கியது. பள்ளிக்கூடத்திலேயே வரிசையில் நிற்க வைத்துப் போட்டார்களே, அது கோவாக்சின். போடாத ஊசிக்குத்தான் அவ்வளவு பயம்! ஆனால் அம்மா போட்டது கோவிஷீல்டுதான். அதனால் கேள்வியைச் சிரித்துவிட்டுத் தள்ள முடியவில்லை.

முதலில் அந்தச் செய்தியைப் பார்ப்போம். அது பொய் இல்லை. ஆக்ஸ்போர்டு - அஸ்ட்ராஜெனெகா ஊசிதான் புனேயில் சீரம் நிறுவனம் தயாரித்த கோவிஷீல்டு. அது மிக அரிதாக ரத்தக்கட்டை உண்டாக்கலாம் என்று அஸ்ட்ராஜெனெகா பிரிட்டன் நீதிமன்றத்துக்குக் கொடுத்த ஆவணத்தில் சொன்னது உண்மை. ஆனால் 'இத்தனை நாள் மறைச்சுட்டாங்க' என்ற பாதிதான் தவறு. 2021 மார்ச் கடைசிவரை பிரிட்டனில் இரண்டு கோடிக்கு மேல் டோஸ் போட்டிருந்தார்கள். ரத்தக்கட்டும் தட்டணுக் குறைவும் சேர்ந்து வந்ததாகப் பதிவானவர்கள் 79 பேர், அதில் இறந்தவர்கள் 19 பேர். இதை அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே ஏப்ரல் முதல் வாரத்தில் வெளியிட்டது. 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேறு ஊசி தரலாம் என்ற பரிந்துரையும் அன்றைக்கே வந்தது. டாக்டர்கள் குறிப்பாகத் தேட ஆரம்பித்த பிறகு எண்ணிக்கை கூடியது. ஐரோப்பாவில் சுமார் லட்சத்தில் ஒருவர் என்று கணக்கிட்டார்கள். மூன்று வருடம் கழித்து அது 'அதிர்ச்சித் தகவல்' ஆனது.

இங்கேதான் ஆறாம் வகுப்புக் கணக்கு வருகிறது. பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. 79 என்பது தொகுதி, இரண்டு கோடி என்பது பகுதி. கொரோனா காலத்தில் நாம் நம்பிய தவறான தகவல்களில் பல இந்தப் பகுதியைக் கழற்றிவிட்டு வந்தவைதான். தொகுதிக்கு முகம் இருக்கு, பேர் இருக்கு, போட்டோ இருக்கு. பகுதிக்கு என்ன இருக்கு? வெறும் சைபர்கள். அதை யார் ஃபார்வேர்டு பண்ணுவா?

தமிழ்நாட்டில் இது எவ்வளவு தூரம் போகும் என்று காட்டியது 2021 ஏப்ரல். நடிகர் விவேக் ஏப்ரல் 15-ம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவாக்சின் போட்டுக்கொண்டார். மக்கள் பயப்படாமல் வரவேண்டும் என்றுதான் கேமரா முன்னால் போட்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ம் தேதி அதிகாலை மரணம். அதன்பிறகு எத்தனை வீட்டில் ஊசிப் பேச்சே நின்றுபோனது என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் நின்றது. என் பெரிய மாமாவுக்கு அப்போது 54 வயது, ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். சர்க்கரையும் உண்டு. அந்த வாரம் போட்டுக்கொள்வதாக இருந்தார். "ஒரு வாரம் பொறுத்துப் போட்டுக்கலாம்ணே, என்னதான் ஆகுதுன்னு பாப்போம்" என்று அவரிடம் சொன்னது அம்மா.

அம்மா சொன்னதில் லாஜிக்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். முதலில் அது நடந்தது, பிறகு இது நடந்தது, எனவே அதனால்தான் இது என்று மூளை தானாக முடிச்சுப் போடும். அந்த முடிச்சு சரியா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு. இந்தியாவில் ஆயிரம் பேருக்கு வருடத்துக்கு ஏறக்குறைய ஆறு மரணம். அப்படியென்றால் ஒரு கோடிப் பேரில் வருடத்துக்கு 60,000, ஒரு நாளைக்கு சுமார் 164. 2021 ஆகஸ்ட் 27 அன்று நாட்டில் ஒரே நாளில் ஒரு கோடி டோஸுக்கு மேல் போட்டார்கள். அன்றைக்கு மருந்துக்குப் பதில் வெறும் தண்ணீரை ஏற்றியிருந்தாலும், அடுத்த இரண்டு நாளில் அந்த ஒரு கோடியில் சுமார் 330 பேர் இறந்திருப்பார்கள். (ரொம்ப முடியாமல் படுத்திருப்பவர்கள் முகாமுக்கு வரமாட்டார்கள், அதனால் கொஞ்சம் குறையும். வந்ததில் வயதானவர்கள் அதிகமென்றால் கூடும். தோராயக் கணக்குதான்.) ஒவ்வொரு வீட்டிலும் "நேத்துதான் ஊசி போட்டாரு" என்றுதான் சொல்வார்கள். அது உண்மையும்கூட.

ஆக, கேட்க வேண்டியது 'ஊசி போட்டபின் யாராவது இறந்தார்களா' என்பது இல்லை. 'சாதாரணமாக இறப்பதைவிட அதிகம் பேர் இறந்தார்களா' என்பதுதான். விவேக் மரணத்தை ஆராய்ந்த தேசியக் குழு, அதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று 2021 அக்டோபரில் சொன்னது. ஏப்ரலில் பரவிய வேகத்தில் அது பரவவில்லை.

இதே பகுதி இன்னொரு வேடத்திலும் வந்தது. 'ஆஸ்பத்திரியில் கிடக்குறதுல பாதிப் பேர் ஊசி போட்டவங்கதான், அப்புறம் எதுக்கு ஊசி?' 2021 ஆகஸ்டில் இஸ்ரேலில் நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. கடுமையான நிலையில் மருத்துவமனையில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் இரண்டு டோஸும் போட்டவர்கள். புரொபபிலிட்டி பேப்பரில் பேயஸ் தேற்றம் எழுதிவிட்டு வந்து நாமே இதில் விழுகிறோம். நம்ம ஹாஸ்டலையே எடுத்துக்கொள்ளுங்கள், கற்பனைக் கணக்குதான். 1000 பேர், 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். போடாதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் படுக்கிறார்கள், அதாவது 10 பேர். போட்டவர்களில் நூற்றுக்கு இரண்டே பேர், அதாவது 18 பேர். சிக் ரூமில் மொத்தம் 28 பேர், அதில் 18 பேர் ஊசி போட்டவர்கள், 64 சதவீதம்! தலைப்பு ரெடி. ஆனால் ஊசி ஆபத்தை ஐந்தில் ஒன்றாகக் குறைத்திருக்கிறது. எல்லாரும் போட்டுவிட்டால் படுக்கிறவர்கள் நூறு சதவீதமும் போட்டவர்களாகத்தான் இருப்பார்கள், வேறு யார் மிச்சம்?

சிப், காந்தம் இதெல்லாம் இன்ஜினியரிங் படிக்கிறவர்களுக்கு விளக்கினால் எனக்குத்தான் அசிங்கம். ஊசி வழியாக 5ஜி சிப் ஏற்றுகிறார்கள் என்றார்கள். இந்தியாவில் ஊசி தொடங்கியது 2021 ஜனவரி 16, 5ஜி தொடங்கியது 2022 அக்டோபர் 1. சிக்னலே இல்லாத சிப்! கையில் காசு ஒட்டுவது வியர்வையால். கொஞ்சம் பவுடர் பூசிப் பாருங்கள், விழுந்துவிடும். 'டிஎன்ஏ மாறிவிடும்' என்பதற்கு மட்டும் ஒரு வரி. கோவாக்சின் என்பது செயலிழக்க வைத்த முழு வைரஸ். கோவிஷீல்டு, பெருக முடியாதபடி மாற்றிய ஒரு சிம்பன்சி அடினோ வைரஸுக்குள் கொரோனாவின் முள் புரதத்துக்கான மரபணுவை வைத்து அனுப்புவது. அதை நம் குரோமோசோமில் ஒட்டவைக்கும் நொதி எதுவும் அதில் இல்லை. செல் கொஞ்ச நாள் அந்தப் புரதத்தைத் தயாரிக்கும், பிறகு முடிந்தது.

ஆனால் சந்தேகப்பட்ட எல்லாரையும் முட்டாள் என்று சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காத பழக்கம். 'பத்து வருஷம் ஆகுற வேலையை ஒரே வருஷத்துல எப்படி முடிச்சாங்க' என்பது நியாயமான கேள்வி. சார்ஸ், மெர்ஸ் வந்தபோதே முள் புரதத்தைப் பற்றிய ஆராய்ச்சி நடந்திருந்தது. ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று போகாமல், பைப்லைன் மாதிரி சோதனைக் கட்டங்களையும் உற்பத்தியையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டினார்கள். தோற்றால் பணம் போகட்டும் என்று அரசுகள் முன்கூட்டியே செலவு செய்தன. ஊரெல்லாம் நோய் இருந்ததால் சோதனைக்குத் தேவையான எண்ணிக்கை சீக்கிரம் கிடைத்தது. இது பொதுவான பதில். கோவாக்சினுக்கு இது முழுப் பதில் ஆகாது. மூன்றாம் கட்டச் சோதனையின் செயல்திறன் முடிவு வருவதற்கு முன்பே, 2021 ஜனவரி 3-ம் தேதி அதற்கு அனுமதி கொடுத்தார்கள். 77.8 சதவீதம் என்ற முடிவு அந்த வருட நடுவில்தான் வந்தது. அன்றைக்குக் கேள்வி கேட்டவர்கள் சரியாகத்தான் கேட்டார்கள்.

பீரியட்ஸ் விஷயமும் அப்படித்தான். 'மாதவிடாய்க்கு முன்னும் பின்னும் ஐந்து நாள் ஊசி போடக்கூடாது' என்ற மெசேஜ் பொய். ஆனால் 'ஊசிக்கு அப்புறம் தேதி தள்ளிப்போச்சு' என்று பெண்கள் சொன்னபோது, அது மனசுப் பிரமை என்று நிறையப் பேர் ஒதுக்கினார்கள். பிறகு ஆயிரக்கணக்கானோரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, சராசரியாக ஒரு நாள் அளவுக்குத் தற்காலிகமாகத் தள்ளிப்போவது தெரிந்தது. குழந்தை பிறக்காது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பகுதியோடு எண்ணிப் பார்த்தால் சில நேரம் வதந்தி அடிபடும், சில நேரம் 'ஒண்ணுமே ஆகாது' என்று சொன்னவர்களும் அடிபடுவார்கள்.

இதற்கு நம்ம செங்கல்பட்டே சாட்சி. 1968-ல் அங்கே இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வைத்து காசநோய்க்கான பிசிஜி ஊசியைச் சோதித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. மறைக்கவில்லை, வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயைத் தடுப்பதால் இன்றைக்கும் பிறந்த குழந்தைக்கு அதைப் போடுகிறார்கள்.

ஜிம்மில் ஒருத்தர் விழுந்தார், கல்யாண வீட்டில் ஆடும்போது ஒருத்தர் விழுந்தார் என்று இப்போதும் வீடியோ வருகிறது, கீழே 'ஊசி' என்று ஒரே வார்த்தை கமெண்ட். இதையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 18 முதல் 45 வயதில் திடீரென இறந்த 729 பேரை, அதே வயது, அதே பகுதியைச் சேர்ந்த 2916 பேரோடு ஒப்பிட்டு ஐசிஎம்ஆர் 2023-ல் வெளியிட்டது. ஊசியால் ஆபத்து கூடவில்லை. இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. கூடியது கொரோனாவால் மருத்துவமனையில் படுத்து எழுந்தவர்களுக்கு, குடும்பத்தில் திடீர் மரணம் நடந்தவர்களுக்கு, கடைசி 48 மணி நேரத்தில் அளவுக்கு மீறிக் குடித்தவர்களுக்கு.

அம்மாவிடம் அன்றைக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "அந்த ரத்தக்கட்டு வந்தா ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள்ள வந்திருக்கும்மா. உனக்கு மூணு வருஷம் ஆகப்போகுது" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அண்ணனை நான் தடுத்திருக்கக் கூடாதுல்ல?" என்றார்.

மாமா 2021 மே கடைசி வாரத்தில் போய்விட்டார். கொரோனா. ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்த அந்த மூன்று நாளை இங்கே எழுதப்போவதில்லை. ஏப்ரலில் ஒரு டோஸ் போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? ஒரு டோஸில் கொஞ்சம் பாதுகாப்பு இருந்திருக்கும், முழுசாக இருந்திருக்காது. ஒரே ஒரு ஆளை வைத்து முடிவு சொல்லக்கூடாது என்று இவ்வளவு நேரம் உங்களிடம் பேசிவிட்டு, என் மாமாவுக்கு மட்டும் நான் விதியை மாற்ற முடியாது.

"தெரியலம்மா. நீ வேணும்னு சொல்லலையே, அன்னைக்கு எல்லாருமே பயந்துதான் இருந்தாங்க" என்றேன்.

"ம்... சரி. நீ சாப்பிட்டியா?"