பிறேக்கிற் புகுந்த காற்றும் அதனை வெளியேற்றும் கருவிகளும்

நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் வீதியைக் காரிற் கடந்த குடும்பத்தவர்க்கு, பிறேக் மிதியின் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வளைவின் பின் வளைவாக வரும் அவ்விறக்கத்தில் மிதி உறுதியாக நில்லாது, பஞ்சுத் தலையணையை மிதித்தாற்போல் அமுங்கிப் போகுமாயின் வண்டியிலிருப்போர் நிலை என்னாகும்? அதற்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பது குழாய்களிற் புகுந்துகொண்ட சிறிதளவு காற்றே. இக்காற்றை வீட்டு முற்றத்தில் வைத்தே வெளியேற்றலாம். ஆயின் கருவி வாங்கக் கடைக்குப் புறப்படுமுன் வாசகர்கள் சற்றுப் பொறுக்கவேண்டும்.

பாடசாலையிற் பஸ்காலின் விதியைப் படித்த மாணவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். மிதியை அழுத்தும்போது பிரதான சிலிண்டரில் உண்டாகும் அமுக்கம், திரவத்தின் வழியே நான்கு சில்லுகளையும் சென்றடைகிறது. திரவம் சுருங்குவதில்லை என்றே சொல்லலாம்; காற்றோ சுருங்கும். இடையில் ஒரு குமிழி இருந்தால், காலின் முயற்சி அதனைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடும். பிறேக் ஒயில் வளியிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். டொட் 3 எனக் குறிக்கப்பட்ட திரவம் புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பநிலையிலேயே கொதிக்கவேண்டும் என்பது விதி. ஈரம் சேர்ந்தபின் அவ்வெல்லை 140 பாகையாகிறது. டொட் 4 வகைக்கு இவ்வளவுகள் 230, 155 ஆகும். நீண்ட இறக்கத்திற் பிறேக் சூடேறும்போது பழைய திரவம் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலவே சுருங்கிக் காலை ஏமாற்றும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றச் சொல்வது இதனாலேயே.

மிதியின் குற்றம் யாவும் காற்றின் குற்றமல்ல. இரண்டு மூன்று முறை மிதித்தபின் மிதி உயர்ந்து கெட்டியாக நிற்குமாயின், சப்பாத்துகள் தேய்ந்து சீர்ப்படுத்த வேண்டிய நிலையில் இருத்தல் கூடும். அழுத்திப் பிடித்திருக்கையில் மெல்ல மெல்லக் கீழிறங்குமாயின் எங்கோ ஒழுக்கு உண்டு, அல்லது பிரதான சிலிண்டரின் றப்பர் தேய்ந்துவிட்டது. இவற்றிற்குக் காற்று நீக்கும் கருவி மருந்தாகாது. எப்போதும் பஞ்சுபோல் அமுங்குவதே காற்றின் அடையாளம்.

இனிக் கருவிகளைக் கவனிப்போம். முதலிடம் பெறவேண்டியது சாவி. எம்மிடமுள்ள பழைய மொறிஸ் மைனரில் நாம் முதன்முறை இவ்வேலையைத் தொடங்கியபோது, கைக்கு அகப்பட்ட வாய் திறந்த சாவியையே எடுத்தோம். துருவேறிய நிப்பிள் அசையவில்லை, ஓங்கித் திருகினோம். அறுகோணத் தலை உருண்டையாகிப் பின் முறிந்தும் போயிற்று. அச்சில்லின் சிலிண்டர் முழுவதையும் மாற்றிய செலவு நல்ல சாவிகள் பலவற்றின் விலைக்குச் சமமாயிற்று. நிப்பிளின் ஆறு பக்கங்களையும் பற்றும் வளையச் சாவியே வேண்டும். பன்னிரண்டு முனையுள்ளது முனைகளிற் பட்டு வழுக்கும். பழைய பிரித்தானிய வண்டிகளின் அளவுகள் அங்குலத்தில் அமைந்தவை. 7/16 அங்குலம் என்பது ஏறக்குறைய 11.1 மில்லிமீற்றர், அத்தகைய தலையில் 12 மில்லிமீற்றர்ச் சாவியை மாட்டினால் எமக்கு நேர்ந்ததே நேரும். வேலைக்கு முதல்நாள் இரவே நிப்பிளைக் கம்பித்தூரிகையாற் சுத்தஞ்செய்து, துரு இளக்கும் எண்ணெய் சிறிது இட்டு வைப்பது நன்று. ஒரு துளியேனும் உள்ளே செல்லலாகாது.

அடுத்தது நிப்பிளை இறுகப் பற்றும் பளிங்குபோன்ற பிளாஸ்ரிக் குழாயும், வெறும் ஜாம் போத்தலும். குழாயின் நுனி போத்தலிலுள்ள திரவத்துள் மூழ்கியிருக்கவேண்டும். குமிழி வருவதும் நிற்பதும் கண்ணுக்குத் தெரிவதே இக்குழாயின் பெருமை. இதற்குமேல் வேண்டியது மிதியில் உட்கார ஓர் ஆள். அப்பா சில்லின் அருகிலும் மகனோ மகளோ ஆசனத்திலுமாக இருந்து செய்யும் இவ்வேலைக்கு மூன்று சொற்கள் போதும். "மிதி" என்றதும் மெல்ல மிதிக்கவேண்டும். "பிடி" என்றால் காலை எடுக்காது அழுத்தி நிற்கவேண்டும்; அப்போதே நிப்பிள் திறக்கப்படும். அது மூடப்பட்ட பின்பே "விடு" என்ற சொல் வாயிலிருந்து வரலாம். முந்திச் சொன்னால் வெளியேறிய காற்று திரும்பவும் உள்ளே போய்விடும். பழைய வண்டியாயின் மிதியின் கீழ் ஒரு மரத்துண்டை வைத்துக்கொள்க. மிதி தரைவரை சென்றால், சிலிண்டரின் துருப்பிடித்த பகுதியில் றப்பர் உராய்ந்து கிழியக்கூடும்.

தனியாக வேலை செய்பவர்களுக்கென மூன்று கருவிகள் விற்கப்படுகின்றன. திரவத்தை ஒருபக்கமே செல்லவிடும் அடைப்புள்ள குழாய் மலிவானது. தனியாள் அதனை வாங்கலாம். கையால் உறிஞ்சும் வெற்றிடப் பம்பு பார்வைக்கு அழகாயிருக்கும். ஆனால் அது நிப்பிளின் புரியிடுக்கால் வெளிக்காற்றையும் இழுப்பதால் குமிழிகள் ஓயாமல் வந்துகொண்டேயிருக்கும். வேலை முடிந்ததா என அறிய முடியாது. எமக்கு அதில் விருப்பமில்லை. மேலிருந்து அமுக்கித் தள்ளும் கருவி சிறந்தது; எனினும் அதன் மூடி உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்பதைப் பார்த்தே பணத்தைக் கொடுங்கள். சதுர அங்குலத்துக்கு 20 இறாத்தலை மிஞ்சிய அமுக்கமும் வேண்டாம். மைனரின் பிரதான சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைவிரிப்பின் கீழ் மறைந்திருக்கிறது. மூடியைச் சூழ்ந்த மண்ணைத் துடைத்தபின்பே அதனைத் திறத்தல் வேண்டும். திரவம் ஊற்ற ஒரு புதிய சிரிஞ்சு எமக்குப் பேருதவியாயிற்று. இடையிடையே நிரப்ப மறந்தால் காற்று மீண்டும் புகுந்து, செய்த வேலை முழுவதும் வீணாகும்.

1990களில் எரிபொருட் தடையின்போது யாழ்ப்பாணத்தின் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை நம்மவர் பெருமையுடன் சொல்வதுண்டு. அந்தத் துணிவைப் பிறேக்கில் மாத்திரம் காட்டலாகாது. பிறேக் ஒயில் பெயரளவிலேயே ஒயில். மண்ணெண்ணெயோ எஞ்சின் ஒயிலோ அங்கு பட்டால் றப்பர்கள் ஊதிக் கெடும். டொட் 5 எனும் சிலிக்கோன் வகையையும் மற்றவற்றோடு கலத்தல் தவறு.

ஜக்கை மாத்திரம் நம்பிக் கீழே புகாது, உறுதியான தாங்கிகளில் வண்டியை நிறுத்துக. பிரதான சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சில்லிலிருந்து தொடங்குவது பழைய வழக்கம். மைனரில் அது இடப்புறப் பின்சில்லு. புதிய கார்களின் ஒழுங்கு வேறாதலால் அவற்றின் கைநூலைப் பார்க்கவேண்டும். ஏ.பி.எஸ். பொருத்திய வண்டிகள் சிலவற்றுக்குக் கணினிக் கருவியும் தேவைப்படும். அவற்றைக் கராஜிடம் விடுதலே முறை.

முடிந்தபின் மிதியை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடித்து, அது இறங்குகிறதா, நிப்பிள்களிற் கசிவு உண்டா என்று பார்க்கவேண்டும். பின்னர் ஆளற்ற ஒழுங்கையில் மெதுவாக ஓட்டிப் பலமுறை நிறுத்திப் பார்த்த பிறகே பிள்ளைகளை ஏற்றலாம். வண்ணப்பூச்சிற் சிந்திய திரவத்தை உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுக. ஜாம் போத்தலில் எஞ்சியதோ நஞ்சு. அதனைத் திரும்ப ஊற்றாமலும் கிணற்றடியிற் கொட்டாமலும், பெயரெழுதிய சீட்டை ஒட்டி, சிறுவர் கைக்கெட்டாத இடத்தில் வைத்துப் பின்னர் கராஜிற் கழிவு ஒயில் சேர்ப்பவரிடம் ஒப்படைத்துவிடலாம்.