பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கொடுக்கலாமா?

பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பி.டி. பீரியட் கணக்கு வாத்தியார் கைக்குப் போய்விடுவது நம் ஊர்ப் பள்ளிகளில் புதிதல்ல. பள்ளியில் விளையாடிய பிள்ளைகள் பிற்காலத்தில் நன்றாக வருகிறார்கள் என்று யாராவது சொன்னால், அதற்கும் பதில் தயாராக இருக்கும்: ‘வசதியான வீட்டுப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள், பிறவியிலேயே சூட்டிகையாக இருந்திருப்பார்கள், இதில் விளையாட்டு என்ன செய்தது?’ நியாயமான கேள்விதான். அணியில் இருப்பவரையும் இல்லாதவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பதால் இதற்கு விடை கிடைக்காது.

விடைக்கு ஒரு வழி அமெரிக்காவில் தற்செயலாகக் கிடைத்தது. அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்ற சட்டத்தில் 1972 ஜூனில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். ‘டைட்டில் நைன்’ என்று பெயர் பெற்ற அந்தச் சட்டத்தின் மூல வாக்கியத்தில் விளையாட்டைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஆனாலும் மைதானங்கள் தலைகீழாக மாறின. அதுவரை உயர்நிலைப் பள்ளி அணிகளில் இருந்த மாணவிகள் மூன்று லட்சத்துக்கும் குறைவு, அதாவது ஏறக்குறைய 27 பேரில் ஒருவர். 1978-க்குள் அது நான்கில் ஒருவர் ஆனது. பையன்கள் ஏற்கெனவே நிறைய விளையாடிய மாநிலங்களில் மாணவிகளுக்கும் நிறைய இடம் திறக்க வேண்டியிருந்தது. மற்ற மாநிலங்களில் கொஞ்சம் திறந்தாலே போதுமாக இருந்தது. இந்த ஏற்றத்தாழ்வுக்கும் எந்தப் பெண்ணின் குணத்துக்கும் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை. பொருளியலாளர் பெட்ஸி ஸ்டீவன்சன் இதைத்தான் பிடித்துக்கொண்டார். ஒரு மாநிலத்தில் விளையாடும் மாணவிகள் நூற்றுக்குப் பத்துப் பேர் கூடினால், கல்லூரிக்குப் போகும் பெண்கள் நூற்றுக்கு ஒருவரும், வேலைக்குப் போகிறவர்கள் ஒருவர் முதல் இருவரும் கூடினர் என்று 2010-இல் வெளியான அவருடைய ஆய்வு காட்டியது. சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் புதிதாக மைதானத்துக்கு வந்த பத்துப் பேருக்கு ஒருவர் வீதம் கூடுதலாகக் கல்லூரி வாசலை மிதித்திருக்கிறார் என்று கணக்குப் போட்டால் அது சின்னதல்ல.

படிப்பு நேரம் போய்விடாதா? அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2010-இல் 50 ஆய்வுகளை அலசியது. உடலியக்கத்தால் படிப்பு கெட்டது என்ற முடிவு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. நல்ல பலன் என்றவை பாதி. பெரிய வித்தியாசம் இல்லை என்றவையும் ஏறக்குறைய அதே அளவு. ஆகவே விளையாட்டை மார்க் ஏற்றும் டானிக்காக விற்பது நேர்மையாகாது. மார்க்கைக் குறைக்கும் என்று பூச்சாண்டி காட்டுவதும் ஆகாது. காயம் பற்றிய பயத்தில் உண்மை உண்டு. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே மாணவரை வெளியேற்றி, மருத்துவச் சான்றில்லாமல் திரும்ப இறக்கக் கூடாது என்று வாஷிங்டன் மாநிலம் 2009-இல் சட்டமே போட்டது.

என் பார்வையில் இவற்றைவிடக் கனமான ஆட்சேபம் வேறு. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் பதினைந்து பேர் ஓட, மற்றவர்கள் கைதட்டுவது என்ன விளையாட்டு? தலைமையாசிரியர் அறையில் ஷீல்டுகள் சேரும், அவ்வளவுதான். ஸ்டீவன்சன் அளந்தது நட்சத்திரங்களை அல்ல, கூட்டமாக உள்ளே வந்தவர்களை. நான்கில் ஒருவராக அணிக்கு வந்த அந்த மாணவியரில் பெரும்பாலோர் பெரிய பதக்கம் எதையும் வென்றவர்கள் அல்லர்.