முட்ட முட்ட நிரப்பினால் சிலிண்டர் வெடிகுண்டு! ஏ.சி. மெக்கானிக்குகளே, உஷார்!!

ஒரு காலத்தில் ஏ.சி. சுகம் வேண்டுமென்றால் சினிமா தியேட்டருக்குத்தான் போக வேண்டும். இப்போது சென்னையில் ஒண்டுக்குடித்தன வீட்டில் கூட ஏ.சி. ஓடுகிறது.

ஏ.சி. பெருகியது போல அதை ரிப்பேர் செய்யும் மெக்கானிக்குகளும் பெருகி விட்டார்கள். ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒரு சிலிண்டர், தோளில் ஒரு பை. தெருத் தெருவாகப் பறக்கிறார்கள்.

அந்த சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது? இதைக் கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து!

“புஸ்” என்று விடுவது தப்பு

ஏ.சி.யில் சில ரிப்பேர்களைச் செய்ய வேண்டுமானால் உள்ளே இருக்கும் கியாசை வெளியே எடுத்தாக வேண்டும். சிலர் குழாயைத் திறந்து “புஸ்” என்று காற்றில் விட்டு விடுகிறார்கள்.

இது பெரிய தப்பு. பழைய ஏ.சி.களில் இருக்கும் ‘ஆர்-22’ கியாஸ் 1 கிலோ காற்றில் கலந்தால், சுமார் 1,800 கிலோ கரியமில வாயு கலந்ததற்குச் சமம். ஓசோன் படலத்தையும் அது அரிக்கும்.

தொழில் தெரிந்தவர்கள் அப்படிச் செய்வதில்லை. ‘ரெக்கவரி மிஷின்’ வைத்து கியாசை உறிஞ்சி, அதற்கென்று உள்ள சிலிண்டரில் பிடித்து வைக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பிடித்து வைப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது.

19 லிட்டர் 21 லிட்டர் ஆகும்!

“இன்னும் ரெண்டு கிலோ தாங்கும் சார், ஒண்ணும் ஆகாது!” என்பார்கள் சிலர். அங்கேதான் வினை!

சிலிண்டருக்குள் கியாஸ் பெரும்பாலும் திரவமாக இருக்கும். சூடு பட்டால் அது பெருகும். 20 லிட்டர் சிலிண்டரில், 25 டிகிரி குளுமையில், 19 லிட்டர் ஆர்-22 திரவத்தை அடைத்து விட்டதாக வைத்துக்கொள்வோம். மத்தியான வெயிலில் சிலிண்டர் 50 டிகிரிக்குச் சூடானால், அந்தத் திரவத்துக்குக் கிட்டத்தட்ட 21 லிட்டர் இடம் வேண்டும்.

20 லிட்டர் சிலிண்டரில் 21 லிட்டர் எங்கே போகும்?

காலி இடம் இருக்கிற வரைக்கும் பயமில்லை. அது தீர்ந்து போனால், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் கிடுகிடுவென ஏறும். பாதுகாப்பு வால்வு திறந்தால் தப்பித்தோம். அது அடைத்துக் கொண்டிருந்தால்? இரும்பு கிழியும். பக்கத்தில் நிற்பவர் கதி அதோகதிதான்!

சென்னைக்கு இது முக்கியம். 2003-ம் ஆண்டு மே மாதம் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி வெயில் அடித்தது. அது நிழலில் எடுத்த கணக்கு! பூட்டிய வேனுக்குள் அதையும் தாண்டும். சிலிண்டரை 52 டிகிரிக்கு மேல் சூடாக விடக்கூடாது என்பது விதி.

கணக்கு இதுதான்

ஐந்தில் நாலு பங்குதான் நிரப்ப வேண்டும். ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும்.

சிலிண்டரின் கழுத்தில் இரண்டு எண்கள் குத்தியிருக்கும். ‘டி.டபிள்யூ.’ என்பது காலி சிலிண்டரின் எடை. ‘டபிள்யூ.சி.’ என்பது அது எவ்வளவு தண்ணீர் கொள்ளும் என்ற அளவு.

காலி எடை 12 கிலோ, தண்ணீர் அளவு 20 கிலோ என்றால், 20-ல் 80 சதவீதம் 16 கிலோ. 12-ஐக் கூட்டினால் 28 கிலோ. தராசில் 28 வந்ததும் மிஷினை நிறுத்திவிட வேண்டும். ஏற்கனவே உள்ளே இருக்கும் பழைய கியாசும் இந்த 28-ல் அடக்கம்.

இப்போது வரும் ஏ.சி.களில் பெரும்பாலும் ‘ஆர்-32’ கியாஸ் இருக்கிறது. இது தண்ணீரை விட லேசானது. அதனால் இதே சிலிண்டரில் 15 கிலோவோடு நிறுத்துவது நல்லது. இது தீப்பிடிக்கக் கூடியதும் கூட. அதற்கு ஏற்ற மிஷினும் சிலிண்டரும்தான் வேண்டும்.

தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து மதிப்புப் போடுவது வேண்டாம். தராசு பொய் சொல்லாது!

செய்யக்கூடாதவை

* ஒரு முறை மட்டும் பயன்படுத்த வேண்டிய சிலிண்டரில் மறுபடி கியாஸ் அடைக்காதீர்கள். அப்படி அடைத்து எடுத்துச் சென்றால் அமெரிக்காவில் அபராதம் மட்டுமல்ல, ஜெயில் தண்டனையும் உண்டு.

* ‘ஆர்-22’ சிலிண்டரில் ‘ஆர்-410ஏ’ கியாசைப் பிடிக்காதீர்கள். அதன் அழுத்தம் ஒன்றரை மடங்குக்கும் மேல். இரண்டு கியாசைக் கலந்தால் இரண்டும் கெட்டது.

* புது சிலிண்டரில் உள்ள காற்றை ‘வாக்கும்’ போட்டு எடுத்த பிறகே நிரப்புங்கள். உள்ளே காற்று இருந்தால் அழுத்தம் வீணாக ஏறும்.

* சிலிண்டருக்கு நெருப்புக் காட்டாதீர்கள். ஆர்-22 கியாஸ் தீயில் பட்டால் விஷ வாயு கிளம்பும்.

* கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் குழாயைக் கழற்றாதீர்கள். திரவ ஆர்-22 மைனஸ் 40 டிகிரியில் கொதிப்பது. தோலில் பட்டால் நெருப்புச் சுட்டது போல வெந்து விடும்.

* மூடிய அறையில் கசிய விடாதீர்கள். காற்றை விடக் கனமான கியாஸ் தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும்.

* துருப்பிடித்த, அடிபட்டு நெளிந்த, சோதனைத் தேதி கடந்த சிலிண்டரில் ஒரு கிலோ கூட ஏற்றாதீர்கள்.

வீட்டுக்காரர்கள் கவனிக்க

உங்கள் வீட்டுக்கு மெக்கானிக் வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “தம்பி, தராசு கொண்டு வந்திருக்கீங்களா?”

இல்லை என்றால், “போய் எடுத்துக்கிட்டு வாங்க, காத்திருக்கோம்” என்று சொல்லுங்கள். ஏ.சி. இல்லாமல் ஒரு மணி நேரம் புழுங்கினால் ஒன்றும் குடி முழுகி விடாது. அந்தத் தம்பி சாயந்திரம் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும்!