ஆறு வாரத்துக்கு ஒரு வீடு

கோல சிலாங்கூருக்கு ரயில் கிடையாது. பெஸ்தாரி ஜெயாவில் இருக்கும் என் சின்னம்மாவுக்கு (அவருக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) கோலாலம்பூர் மருத்துவமனையில் கதிர்வீச்சுச் சிகிச்சை என்றதும், எங்கே தங்குவது என்ற கேள்விதான் முதலில் வந்தது. வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம். சிகிச்சை சில நிமிடம்; போய்வர அரை நாள்.

பிரிக்பீல்ட்ஸில் தேடினேன். அங்கே மோனோரயில் ஏறினால் தித்திவங்சாவில் இறங்கலாம், மருத்துவமனை பக்கம்தான். இட்லிக்கும் அலைய வேண்டாம்.

ஆனால் ஆறு வாரம் என்றால் யாருக்கும் பிடிப்பதில்லை. மாத வாடகைக்கு விடுபவர்கள் ஓராண்டு ஒப்பந்தம் கேட்கிறார்கள். இரண்டு மாத டெபாசிட், தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று சாவி வாங்கும் முன்பே மூன்றரை மாதப் பணம் போய்விடும். நாள் வாடகைக்கு எடுத்தால் அதைவிட அதிகம்.

பேசிப் பிழைப்பவள் நான். மலாயில் பேசினால் குரலை வைத்து என் இனத்தைச் சொல்லிவிட முடியாது. ஒரு வீட்டுக்காரர் பத்து நிமிடம் இனிமையாகப் பேசினார். பெயர் கேட்டார், சொன்னேன். "அடடா, நேற்றே ஒருவர் எடுத்துவிட்டார்." சின்னம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

இன்னொருவர் உடனே சம்மதித்தார். முன்பணம் அனுப்பும் முன் கட்டடத்தைப் பார்க்கப் போனேன். குறுகிய கால வாடகைக்கு அனுமதியில்லை என்று மின்தூக்கிக்கு அருகிலேயே ஒட்டியிருந்தார்கள். அடுக்குமாடி நிர்வாகம் இப்படித் துணைவிதி போட்டுத் தடுக்கலாம் என்று மோன்ட் கியாரா வழக்கொன்றில் 2020இல் கூட்டரசு நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே வீட்டுக்காரரின் வார்த்தை போதாது. நிர்வாக அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைசியில், தெரிந்தவர் மூலம் பழைய அடுக்குமாடி ஒன்றில் அறை கிடைத்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு. "கஞ்சி வைக்கப் பாத்திரம் கொண்டு வருவீங்களா, நான் தரட்டுமா?" என்று மட்டும் கேட்டார். மின்தூக்கி இல்லை, இரண்டாவது மாடி. நான்காம் வாரத்தில் சின்னம்மா படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் ஏறினார்.

தோட்டத்து லயன் வீட்டில் வாழ்ந்தவர் அவர். வேலை போனதும் அந்த வீடும் போனது. புறப்படும் நாளில் அடுப்படியைக் கழுவிவிட்டு, சாவியை மேசைமேல் வைத்தபடி என் காதில் கேட்டார்: "பாதி மாசம்தானே இருந்தோம், முழு வாடகை கேப்பாங்களா?"

டீச்சர் ஆறு வாரத்துக்குத்தான் வாங்கினார்.