உங்களுக்குத் தெரியுமா? ‘டவுட்’டில் ஒளிந்திருக்கும் ‘பி’

“சார், ஒரு டவுட்டு!” என்று வகுப்பில் கை தூக்கும் பிள்ளை சரியாகவே உச்சரிக்கிறது. எழுதும்போதுதான் நடுவிலுள்ள ‘பி’யைத் தவறவிடுகிறது. பாவம், பிள்ளையை மட்டும் குறை சொல்ல முடியாது. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்தச் சொல்லில் ‘பி’யே கிடையாது. லத்தீன் மூலமான ‘துபிதாரே’யை நினைவூட்டப் பிற்காலத்துப் படிப்பாளிகள் எழுத்தில் மட்டும் அதைச் செருகினார்கள், நாக்கு ஏற்கவில்லை. கடனைக் குறிக்கும் ‘டெட்’ சொல்லுக்கும் இதே கதைதான். அதை ‘டெப்ட்’ என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்று: பாடத்தில் புரியாததைக் கேட்க ‘டவுட்’ என்பது நம் நாட்டு வழக்கு. இங்கிலாந்துக்காரரிடம் அப்படிச் சொன்னால், அவர் சொன்னதையே நீங்கள் நம்பவில்லை என்று நினைத்துக்கொள்ளக்கூடும். அங்கே, “ஐ ஹேவ் எ கொஸ்டின்” என்று கேளுங்கள்.