மரபணு வெளிப்பாட்டு வேறுபாடு

மரபணு வெளிப்பாட்டு வேறுபாடு என்பது ஒரே மரபணு, ஓர் இனத்தைச் சேர்ந்த வெவ்வேறு உயிரிகளில் வெவ்வேறு அளவில் செயல்படுவதைக் குறிக்கும். மரபணுவில் உள்ள தகவல் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு, பெரும்பாலும் அதிலிருந்து புரதம் உருவாக்கப்படுகிறது. இது எந்த உயிரணுவில், எந்த வயதில், எவ்வளவு நிகழ்கிறது என்பது மாறுபடக்கூடியது. சூழலும் இதற்குக் காரணமாகலாம். எனினும், மரபுவழி வரும் வேறுபாடுகளைச் சடுதிமாற்றம் தோற்றுவிக்கிறது. அவற்றுள் எவை நிலைக்கும் என்பதை இயற்கைத் தேர்வு பெரிதும் தீர்மானிக்கிறது.

சடுதிமாற்றத்தின் பங்கு

ஒரு மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியில் சடுதிமாற்றம் நேர்ந்தால், பொதுவாக அம்மரபணுவின் வெளிப்பாடே நேரடியாக மாறும். பல மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் ஒரு புரதத்தின் மரபணுவில் நேர்ந்தால், அவை அனைத்தின் வெளிப்பாடும் மாறக்கூடும். ஆகவே இரண்டாம் வகையில் தீங்கு விளையும் வாய்ப்பு அதிகம்.

இயற்கைத் தேர்வின் பங்கு

ஆய்வகத்தில் உயிரிகளை ஒவ்வொரு தலைமுறையிலும் மிகச் சிறு எண்ணிக்கையில் வளர்த்தால் இயற்கைத் தேர்வின் வலிமை குறையும். புதிய சடுதிமாற்றங்கள் பெரும்பாலும் நீக்கப்படாமல் சேரும். சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் உருளைப்புழுவிலும் பழ ஈயிலும் இம்முறையில் செய்யப்பட்ட ஆய்வுகள் 2005 இல் வெளியாயின. சடுதிமாற்றத்தால் மட்டும் உருவாகக்கூடிய வேறுபாட்டைவிட இயற்கையில் காணப்படும் வேறுபாடு குறைவு என அவை காட்டின. அதாவது, பெரும்பாலான மரபணுக்களின் வெளிப்பாட்டைத் தேர்வு ஒரு வரம்புக்குள் வைத்திருக்கிறது. இது நிலைப்படுத்தும் தேர்வு எனப்படும். தீங்கோ நன்மையோ தராத மாற்றங்கள் தற்செயலாகவும் பரவலாம் என்பதால், காணப்படும் ஒவ்வொரு வேறுபாடும் தகவமைப்பு ஆகாது.

எடுத்துக்காட்டு: லாக்டேஸ் நொதி

பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கச் செய்யும் நொதி லாக்டேஸ் ஆகும். பாலூட்டிகளில் பால்குடிப் பருவத்துக்குப் பின் இதன் மரபணு வெளிப்பாடு பொதுவாகக் குறைந்துவிடுகிறது. மனிதர்களிலும் பெரும்பான்மையோரின் நிலை இதுவே. எனவே பெரியவர்களுக்குப் பால் செரிக்காமை பெரும்பாலும் நோயன்று, மூதாதையரிடமிருந்து வந்த இயல்பே.

சிலரில் மட்டும் வெளிப்பாடு வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது. ஐரோப்பியரில் இதற்குக் காரணமான சடுதிமாற்றம் 2002 இல் அடையாளம் காணப்பட்டது. லாக்டேஸ் மரபணுவின் தொடக்கத்துக்கு ஏறத்தாழ 13,910 இணைகளுக்கு முன்னால், அண்டை மரபணு ஒன்றினுள் சைட்டோசினுக்குப் பதிலாகத் தைமின் அமைந்துள்ளது. நொதியின் அமைப்பு மாறவில்லை. அது உருவாகும் காலமே நீண்டது. கால்நடை வளர்த்துப் பால் அருந்திய மக்களிடையே இது பயனளித்ததால் தேர்வால் பரவியது.

கிழக்கு ஆப்பிரிக்காவின் கால்நடை வளர்ப்போரிடம் இதே பகுதியில் வேறு சடுதிமாற்றங்கள் அதே விளைவைத் தருகின்றன என்பது 2007 இல் அறியப்பட்டது. தனித்தனியே தோன்றிய மாற்றங்களை ஒத்த சூழல் ஒரே திசையில் தேர்ந்தெடுத்ததற்கு இது சான்றாகும்.