மின்சாரம் போனால் போகட்டும்!

புதுச்சேரியில் மாமனாரின் பிரெஞ்சுப் பென்ஷனுக்குக் கடிதம் எழுதும் பொறுப்பு உங்கள் தலையில்தானா, சகோதரி? மேஜைக் கம்ப்யூட்டரில் இரண்டு பக்கம் அடித்து, கையெழுத்திடும் இடத்துக்கு வரும் சமயம் பார்த்து மின்சாரம் போய்விட்டால்? அத்தனை உழைப்பும் வீண் அல்லவா!

இந்தக் கவலைக்கு லிப்ரே ஆபீஸ் பரிகாரம் செய்திருக்கிறது. கடிதம், கணக்கு இரண்டுக்கும் உதவும் இந்தத் தொகுப்புக்குக் காசு கிடையாது. தமிழோடு பிரெஞ்சும் அதில் எழுதலாம். 7.6-க்கு அடுத்து வந்த பதிப்பின் பெயர் 24.2. எண் ஏன் இப்படித் தாவியது? 2024-ஆம் ஆண்டு, இரண்டாம் மாதத்துப் பதிப்பு என்று அர்த்தம், அவ்வளவுதான்!

எழுதியதை மீட்டுத் தரும் வசதி முன்பே உண்டு. நாமாகத் தேடிப்போய் அதை இயக்கி வைக்க வேண்டியிருந்தது. 24.2 முதல் அது தானாகவே வேலை செய்கிறது. மின்சாரம் வந்து மறுபடி திறந்தால், பழைய கடிதத்தை மீட்கட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல்லுங்கள்.

ஆனாலும் கடைசிச் சில நிமிஷ எழுத்து தப்பிப் போகலாம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அசந்திருப்போமா? ஒவ்வொரு பாராவும் முடிந்ததும் கன்ட்ரோலையும் எஸ் எழுத்தையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டுங்கள்!